கட்டுரையில் அலசல் இருக்கிறதா என்று எதைப் பார்த்து முடிவு செய்கிறீர்கள்?

பாலாற்றங்கரை எழுதியது:

வணக்கம். வேலூர் பக்கம் ஒரு கலைக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். பி.ஏ. இரண்டாம் ஆண்டு, தமிழ் வழி. பிள்ளைகளில் பெரும்பாலோர் அவர்கள் வீட்டிலிருந்து முதன்முதலாகக் கல்லூரிக்கு வந்தவர்கள். இந்த செமஸ்டர் இன்டர்னலுக்கு வழக்கமான அசைன்மென்டை விட்டுவிட்டு, ஒரு பகுப்பாய்வுக் கட்டுரை எழுதச் சொன்னேன். எங்கிருந்தோ பத்துப் பக்கம் பார்த்து எழுதி, நூல் கட்டிக் கொண்டுவந்து மேசையில் வைக்கும் பழக்கத்தை எப்படியாவது நிறுத்த வேண்டும் என்பது என் எண்ணம். அதனால் படிக்க வேண்டியதை நானே நாலு பக்கத்துக்குள் தொகுத்துக் கொடுத்தேன். அந்தத் தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு வகுப்பிலேயே எழுத வேண்டும்.

தலைப்பு தாது வருடப் பஞ்சம். கேள்வி இது: "1876–78இல் சென்னை மாகாணத்தில் இத்தனை பேர் இறந்ததற்கு மழை பொய்த்தது எந்த அளவுக்குக் காரணம்?"

தொகுப்பில் என்ன இருந்தது என்றும் சொல்லிவிடுகிறேன். வைஸ்ராய் லிட்டன் அனுப்பிய சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலைக்கு வரும் ஆணுக்கு நாளுக்கு ஒரு பவுண்டு தானியம், அதாவது சுமார் 450 கிராம், கூட ஒரு அணா என்று கூலியை இறக்கியது. சென்னையின் சுகாதார ஆணையர் டாக்டர் கார்னிஷ் அதை எதிர்த்து, குறைந்தது 680 கிராம் தானியமும் காய்கறியும் பருப்பும் வேண்டும் என்று வாதாடியது. 1877 மார்ச்சில் சென்னை அரசு அளவைக் கொஞ்சம் உயர்த்தி 570 கிராம் தானியமும் 43 கிராம் பருப்பும் தந்தது. அதற்கு முன் 1873–74இல் பீகாரில் பஞ்சம் வந்தபோது இதே டெம்பிள் பொறுப்பில் பர்மாவிலிருந்து நாலரை லட்சம் டன் அரிசி வரவழைத்தது, அங்கே சாவு மிகக் குறைவாக இருந்தது, அதிகமாகச் செலவழித்துவிட்டார் என்று பிறகு அவர் திட்டு வாங்கியது. கடைசியாக, சென்னை மட்டுமில்லாமல் பஞ்சம் பரவிய பகுதிகள் முழுக்க இறந்தவர்கள் எத்தனை பேர் என்பதில் மதிப்பீடுகள் 55 லட்சத்திலிருந்து 80 லட்சத்துக்கு மேல் வரை வேறுபடுகின்றன என்ற குறிப்பு. கூடவே ஹூப்பர் என்ற ராணுவ அதிகாரி எடுத்த படம் ஒன்று, எலும்பும் தோலுமாக உட்கார்ந்திருக்கும் குடும்பம்.

இப்போது கட்டுரைகள் கையில் இருக்கின்றன. இரண்டைப் பற்றி மட்டும் கேட்கிறேன்.

முதல் கட்டுரை ஆறு பக்கம். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது. ஆரம்பம்: "இந்தியாவின் முதுகெலும்பு விவசாயம் ஆகும். பருவமழை பொய்த்ததால் பயிர்கள் கருகின, மக்கள் பசியால் வாடினர்." பிறகு டெம்பிள், கார்னிஷ், பீகார், எல்லாம் நான் கொடுத்த வரிசையிலேயே வருகின்றன. ஒரு தகவல் கூட விடவில்லை, ஒன்றிலும் தப்பில்லை. கடைசி வரி: "ஆகவே இப்பஞ்சத்திற்குப் பல காரணங்கள் உள்ளன என்பது உள்ளங்கை நெல்லிக்கனியாகும்."

இரண்டாவது கட்டுரை ஒன்றரைப் பக்கம். ஒற்றுப்பிழை, எழுத்துப்பிழை, பாதி பேச்சு வழக்கு. அப்படியே தருகிறேன்: "பீகார்லயும் மழை இல்ல. ஆனா அங்க இவ்ளோ பேர் சாகல. அங்க டெம்பிள் பர்மா அரிசி வரவச்சாரு. இங்க வந்ததும் அதே டெம்பிள்தான். மழை மட்டும் காரணம்னா ரெண்டு எடத்துலயும் ஒரே மாதிரி செத்திருக்கணும்."

துறையில் இன்னொருவரிடம் காட்டினேன். முதலாவதுக்கு பத்துக்கு 8, இரண்டாவதுக்கு 4 என்றார். எனக்கு நேர் எதிராகத் தோன்றுகிறது. ஆனால் ஏன் அப்படித் தோன்றுகிறது என்று அவருக்கு விளங்கும்படியும், முக்கியமாக அந்த முதல் கட்டுரை எழுதிய பெண்ணுக்கு விளங்கும்படியும் எடுத்துச் சொல்ல வார்த்தை வரவில்லை. நீங்கள் எல்லாரும் எதைப் பார்த்து மதிப்பெண் போடுகிறீர்கள்?


காமர்ஸ் துறை எழுதியது:

மேடம், முதலில் ஒரு ரூப்ரிக் போட்டுக்கொள்ளுங்கள். கருத்து 4, சான்று 3, அமைப்பு 2, மொழி 1 என்று பிரித்துவிட்டால் தகராறே இல்லை. எங்கள் கல்லூரியில் எல்லா அசைன்மென்டுக்கும் இப்படித்தான். பிள்ளைகளுக்கும் முன்கூட்டியே கொடுத்துவிடுகிறோம். யாராவது வந்து எனக்கு ஏன் குறைந்தது என்று கேட்டால் கட்டத்தைக் காட்டலாம்.

இன்னொன்று. இந்த முறை வகுப்பிலேயே எழுத வைத்தது நல்லது. வீட்டுக்குக் கொடுத்தால் இப்போது சாட்ஜிபிடி எழுதித் தருகிறது. அதுவும் உங்கள் முதல் கட்டுரை மாதிரியேதான் இருக்கும், எல்லாவற்றையும் சொல்லி, எதையும் சொல்லாமல். வீட்டுக்குக் கொடுத்தே ஆக வேண்டும் என்றால், திருப்பித் தரும்போது ஒவ்வொருவரையும் கூப்பிட்டு "இந்த வரியை ஏன் எழுதினாய்?" என்று ஒரே ஒரு கேள்வி கேளுங்கள். போதும்.


ஓய்வில் ஒரு வாத்தியார் எழுதியது:

அம்மா, உங்கள் கேள்வியைக் காலையில் படித்தேன், நாள் முழுக்க மனசில் ஓடிக்கொண்டிருந்தது. மதுரைப் பக்கம் அரசு உதவி பெறும் கல்லூரியில் வரலாற்றுத் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் நான். சென்ட்ரல் வேல்யூவேஷன் முகாம்களில் விடைத்தாள் கட்டுகளுக்கு நடுவே உட்கார்ந்து வருடக்கணக்கில் இதே விஷயத்துக்காகச் சண்டை போட்டிருக்கிறேன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

காமர்ஸ் நண்பர் சொன்ன ரூப்ரிக் வேண்டியதுதான். ஆனால் "கருத்து 4" என்ற கட்டத்துக்குள் எதைப் பார்த்து 4 போடுவது என்பதுதானே உங்கள் கேள்வி. உங்கள் சக ஆசிரியரும் அதே கட்டத்தை வைத்துக்கொண்டு முதல் கட்டுரைக்கு நாலும் போட்டுவிடுவார், ஏனென்றால் அதில் எல்லாக் கருத்தும் இருக்கிறது.

நான் செய்வது இது. முதல் வாசிப்பில் பேனாவைத் தொட மாட்டேன், பென்சில் மட்டும். இந்தப் பிள்ளை கேட்ட கேள்விக்கு என்ன பதில் சொல்கிறது? அந்த ஒரு வாக்கியத்தைத் தேடி அடிக்கோடு போடுவேன். அது முதல் வரியில் இருக்க வேண்டும் என்றெல்லாம் இல்லை. நம் பிள்ளைகள் பல பேர் எழுத எழுதத்தான் கண்டுபிடிக்கிறார்கள், அதனால் கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும். உங்கள் முதல் கட்டுரையில் அந்த இடத்தில் "பல காரணங்கள் உள்ளன" என்று இருக்கிறது. நீங்கள் கேட்டது "எந்த அளவுக்கு" என்று. பல காரணங்கள் என்பது அதற்குப் பதில் கிடையாது. எந்தப் பஞ்சத்துக்கும், எந்தப் போருக்கும், எந்தப் பேரரசின் வீழ்ச்சிக்கும் அந்த வரியை எழுதலாம்.

இரண்டாம் வாசிப்பில் ஒவ்வொரு தகவலாகக் கைவைத்து மறைத்துப் பார்ப்பேன். இந்தத் தகவலை எடுத்துவிட்டால் கட்டுரைக்கு என்ன ஆகிறது? முதல் கட்டுரையில் பீகாரை எடுத்துவிடுங்கள், ஒன்றும் ஆகாது. கார்னிஷை எடுங்கள், அப்போதும் ஒன்றும் ஆகாது. அரைப் பக்கம் குறையும், அவ்வளவுதான். இரண்டாவது கட்டுரையில் பீகாரை எடுங்கள். கட்டுரையே விழுந்துவிடும், ஏனென்றால் அங்கே பீகார் வேலை செய்கிறது. அந்தப் பையன் (பையன் என்று நானாக வைத்துக்கொண்டேன்) என்ன செய்திருக்கிறான் பாருங்கள். மழைதான் காரணம் என்ற கூற்றை எடுத்துக்கொண்டு, அது உண்மையாக இருந்தால் வேறு இடத்தில் என்ன நடந்திருக்க வேண்டும் என்று யோசித்து, அங்கே போய்ப் பார்த்திருக்கிறான். நடக்கவில்லை. அதனால் கூற்றைத் தள்ளுகிறான். அவன் உபயோகித்த தகவல் முதல் கட்டுரையிலும் இருக்கிறது, ஒரு எழுத்துப் பிழை இல்லாமல் இருக்கிறது. ஆனால் சும்மா இருக்கிறது.

சக ஆசிரியருக்கு இதைச் சொல்லுங்கள். இரண்டு பேருக்கும் நீங்கள் கொடுத்தது ஒரே நாலு பக்கம். அதில் இருப்பதைத் திரும்ப எழுதியதற்கு மதிப்பெண் தருவதாக இருந்தால் ஜெராக்ஸ் மிஷினுக்கும் 8 தர வேண்டும்.

இதைச் சொன்னதும் இரண்டாவது கட்டுரைக்கு 9 என்று போட்டுவிடாதீர்கள். நான் 7 போடுவேன். காரணம் ஒற்றுப்பிழை இல்லை, ஒப்பீடு பாதியில் நிற்கிறது. பீகாரையும் சென்னையையும் பக்கத்தில் வைத்தால் உடனே ஒருவர் எழுந்து கேட்பார்: பீகாரில் பாதிக்கப்பட்ட பரப்பு எவ்வளவு, இங்கே எவ்வளவு? தெற்கே 1876இல் பொய்த்ததோடு நிற்கவில்லை, 1877 பருவமழையும் ஏமாற்றியது. சென்னை மாகாணம் மட்டுமில்லாமல் மைசூர், பம்பாய், ஹைதராபாத் வரை பஞ்சம் பரவியது. அப்படியானால் இரண்டும் ஒரே அளவு மழைக்குறைவு இல்லையே? இந்தக் கேள்வி அவன் வாதத்தைக் கொன்றுவிடும் என்று நான் சொல்லவில்லை. அதை அவனே எழுப்பி, "பரப்பு பெரிது என்பது உண்மை, ஆனாலும் கூலியை இறக்கியதற்குப் பரப்பு காரணம் ஆகாது" என்று ஒரு வரி எழுதியிருந்தால் 9 போட்டிருப்பேன். தனக்கு எதிராக இருக்கும் தகவலை மாணவன் என்ன செய்கிறான் என்பதுதான் நான் கடைசியாகப் பார்ப்பது, அதிக எடை கொடுப்பதும் அதற்குத்தான்.

உங்கள் தொகுப்பில் அப்படிப்பட்ட தகவல் ஒன்று வைத்திருக்கிறீர்கள், வேண்டுமென்றே வைத்தீர்களா தெரியாது, அருமையான தேர்வு. 1877 மார்ச்சில் அளவை உயர்த்தியது. "வெள்ளைக்கார அரசு மக்களைச் சாகவிட்டது" என்று எழுதும் பிள்ளைகள் வகுப்புக்குப் பாதிப் பேராவது இருப்பார்கள். அவர்களுக்கு இந்தத் தகவல் தொண்டையில் சிக்கும். சிலர் அதைக் கண்டுகொள்ளாமல் போவார்கள். சிலர் "பிறகு அரசு மனமிரங்கி உயர்த்தியது" என்று எழுதிவிட்டு, அடுத்த வரியிலேயே பழைய கோபத்துக்குத் திரும்புவார்கள். யாராவது ஒருவர், "உயர்த்தியது சென்னை அரசு, இறக்கச் சொன்னது கல்கத்தாவிலிருந்து வந்தவர், அப்படியானால் அரசு என்று ஒன்றாகப் பேசக்கூடாது" என்று எழுதியிருந்தால் தனியாக எடுத்து வையுங்கள். அந்தப் பிள்ளைக்கு எம்.ஏ. படிக்கச் சொல்லி வீட்டுக்கே போய்ப் பேசலாம்.

அந்த 450 கிராமையும் கவனியுங்கள். பல பேர் "450 கிராம் மட்டுமே கொடுத்தார்கள்" என்று எழுதியிருப்பார்கள். உங்கள் தாளில் தானியத்தோடு ஒரு அணாவும் என்று இருக்கிறது. அணாவை விட்டுவிட்டு எழுதினால் கோபம் கூடும், சான்று கெடும். அதற்கு நான் குறைப்பேன். அணாவைச் சொல்லிவிட்டு, "பஞ்ச விலையில் ஒரு அணாவுக்கு என்ன கிடைத்திருக்கும்?" என்று கேட்டிருந்தால் கூட்டுவேன், பதில் தெரியாவிட்டாலும் சரி. எதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று தெரிந்திருக்கிறது அல்லவா.

அப்புறம் திருத்தும் முறை. நாம் திருத்துவதில் எவ்வளவு ஆட்டம் இருக்கிறது என்பதற்கு ஒரு பழைய ஆய்வு உண்டு. 1961இல் அமெரிக்காவில் எஜுகேஷனல் டெஸ்டிங் சர்வீஸ் என்ற நிறுவனத்தில் பால் டீடெரிக் என்பவரும் கூட இருவரும் செய்தது. கல்லூரி முதலாண்டு மாணவர்களின் 300 கட்டுரைகளை 53 பேரிடம் கொடுத்து ஒன்பது படிகளில் தரம் பிரிக்கச் சொன்னார்கள். ஆசிரியர்கள் மட்டுமில்லை, வழக்கறிஞர்கள், பத்திரிகை ஆசிரியர்கள், நிறுவன நிர்வாகிகள் எல்லாரும் அதில் உண்டு. எதைப் பார்க்க வேண்டும் என்று வேண்டுமென்றே சொல்லவில்லை. 101 கட்டுரைகளுக்கு ஒன்றிலிருந்து ஒன்பது வரை அத்தனை தரமும் விழுந்தது. ஐந்துக்கும் குறைவான வெவ்வேறு தரங்கள் வாங்கிய கட்டுரை ஒன்றுகூட இல்லை. பிறகு யார் யார் எதைப் பார்த்தார்கள் என்று பிரித்துப் பார்த்ததில், ஒரு கூட்டம் கருத்தைப் பார்த்தது, ஒரு கூட்டம் அமைப்பை, இன்னொன்று நடையின் தனித்தன்மையை, இன்னொன்று இலக்கணப் பிழைகளை, மற்றொன்று சொல்லாட்சியை. உங்கள் சக ஆசிரியர் மோசமானவர் இல்லை அம்மா. அவர் வேறொரு கூட்டத்தில் இருக்கிறார். அவரோடு உட்கார்ந்து மூன்று கட்டுரைகளை மட்டும் சேர்ந்து படித்து, இந்த முறை எதைப் பார்க்கப் போகிறோம் என்று முதலில் பேசிக்கொள்ளுங்கள்.

பெயர் தெரியாமல் திருத்துங்கள். பல்கலைக்கழகத் தேர்வுக்கு டம்மி நம்பர் போடுகிறோம், இன்டர்னலுக்கு மட்டும் ஏன் பெயரைப் பார்த்துக்கொண்டே திருத்துகிறோம்? முதல் பக்கத்தை மடித்து பின் குத்திவிட்டாலே போதும். முதலில் எண் போடாமல் மூன்று குவியலாகப் பிரியுங்கள். எல்லாம் முடிந்ததும் முதலில் படித்த பத்தை மறுபடி எடுத்துப் படியுங்கள். ஆரம்பத்தில் கை இறுகியிருக்கும், முடிவில் களைப்பில் தளர்ந்திருக்கும், அந்த வித்தியாசம் அங்கேதான் தெரியும்.

கேள்வியைப் பற்றியும் ஒரு வார்த்தை. உங்கள் கேள்வி நன்றாக இருந்ததால்தான் அந்த இரண்டாவது கட்டுரை வந்தது. நம் வினாத்தாள்களில் ஓரத்தில் கே4, கே5 என்று, அதாவது கேள்வி எந்த அளவு சிந்தனையைக் கேட்கிறது என்ற குறியீட்டை, போடுகிறோம், "ஆராய்க", "மதிப்பிடுக" என்று முடிக்கிறோம். ஆனால் முகாமில் கைக்கு வரும் விடைக்குறிப்பில் "ஏதேனும் ஐந்து காரணங்கள், காரணத்துக்கு ஒரு மதிப்பெண்" என்றுதான் இருக்கும். பிள்ளைகள் கெட்டிக்காரர்கள். எதற்கு மதிப்பெண் கிடைக்கிறதோ அதை எழுதப் பழகியிருக்கிறார்கள். உங்கள் முதல் கட்டுரை எழுதிய பெண் பத்தாம் வகுப்பிலிருந்து அந்த முறையில் முதல் மாணவியாக வந்திருப்பாள், அதை மறந்துவிடாதீர்கள்.


மொழிப்பாடம் எழுதியது:

தமிழ்த்துறையிலிருந்து ஒரு மாற்றுக் கருத்து. மேலே ஐயா சொன்னதில் பெரும்பகுதி ஏற்கிறேன். ஆனால் "காரணம் ஒற்றுப்பிழை இல்லை" என்று கடந்து போனது எனக்குச் சரியாகப் படவில்லை.

இந்தப் பையன் நாளைக்கு குரூப் 1 முதன்மைத் தேர்வு எழுதலாம். அங்கே விரிவாக எழுத வேண்டும். "சாகல", "வரவச்சாரு" என்று எழுதினால் யாரும் அவன் பீகார் ஒப்பீட்டை ரசித்துக்கொண்டிருக்க மாட்டார்கள். முதல் தலைமுறைப் பிள்ளைகளிடம் மொழியைக் கண்டிக்காமல் விடுவதைப் பரிவு என்று நினைக்கிறோம். ஆங்கில வழியில் படித்து வரும் பிள்ளைகளிடம் அப்படி விடுவோமா?

தவிர, மொழியும் அலசலும் இவ்வளவு சுலபமாகப் பிரிவதில்லை. "எனினும்", "ஆகையால்", "அவ்வாறிருந்தும்", "இதனால் மட்டும்" போன்ற இணைப்புச் சொற்கள் இல்லாமல் ஒரு வாதத்தை எழுதிப் பாருங்கள். நான் முதலாண்டில் ஒரு பயிற்சி தருவேன். ஒரு பத்தியில் இணைப்புச் சொற்களை எல்லாம் எடுத்துவிட்டுக் கொடுத்து நிரப்பச் சொல்வேன். நிரப்ப முடியாத மாணவருக்கு இரண்டு வாக்கியத்துக்கும் என்ன உறவு என்று தெரியவில்லை என்று பொருள். எனவே மொழிக்குத் தனிக் கட்டம் வையுங்கள், பத்தில் இரண்டாவது ஒதுக்குங்கள்.


ஓய்வில் ஒரு வாத்தியார் எழுதியது:

அம்மா சொல்வது நியாயம். தனிக் கட்டம் வையுங்கள், இரண்டு கொடுங்கள், அந்த இரண்டில் அவனுக்கு அரை போடுங்கள். மொத்தம் ஏழு கொஞ்சம் குறையும், குறையட்டும். ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தக் கட்டத்தின் நிழல் மற்றக் கட்டங்களில் விழக்கூடாது. நாலாவது வரியில் எழுத்துப்பிழை பார்த்ததும் "இவனுக்கு என்ன தெரியும்" என்று நம் மனசு சொல்லிவிடுகிறது, அதற்குப் பிறகு பீகார் கண்ணிலேயே படுவதில்லை. அதனால் மொழிக் கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள்.

இணைப்புச் சொல் பற்றிச் சொன்னது மிக நல்ல விஷயம். அதை வைத்தே முதல் கட்டுரையைப் பாருங்கள். "ஆகவே இப்பஞ்சத்திற்குப் பல காரணங்கள்" என்று இருக்கிறது. அந்த ஆகவேக்கு முன்னால் எதிலிருந்தும் எதுவும் பிறக்கவில்லை. இரண்டாவது கட்டுரையில் "ஆனா அங்க" என்று இருக்கிறதே, அந்த ஆனா பிழையான எழுத்து, சரியான இடம். இணைப்புச் சொல் இருக்கிறதா என்று எண்ணாமல், அது சொல்லும் உறவு உண்மையிலேயே அங்கே இருக்கிறதா என்று பார்த்தால் நாம் இருவரும் ஒரே மதிப்பெண்தான் போடுவோம்.


பழைய மாணவி எழுதியது:

ஆசிரியர்கள் பேசும் இடத்தில் நான் பேசலாமா தெரியவில்லை. பி.ஏ. வரலாறு முடித்துவிட்டு இப்போது ஒரு அலுவலகத்தில் கோப்புகளுக்குக் குறிப்பு எழுதும் வேலையில் இருக்கிறேன்.

எங்கள் சார் ஒருவர் கட்டுரையில் மதிப்பெண்ணை விட ஓரத்தில் கேள்விதான் அதிகம் எழுதுவார். "இதைச் சொன்னது யார்? அவரை அங்கே அனுப்பியது யார்?" என்பது அடிக்கடி வரும். முதலில் எரிச்சலாக இருக்கும். இந்தப் பஞ்சத்தையே எடுத்துக்கொண்டால், டெம்பிளை அனுப்பியது செலவைக் குறைக்க, கார்னிஷ் மருத்துவர், சாவுக் கணக்கைப் பார்ப்பது அவர் வேலை. இரண்டு பேரும் ஒரே மனிதனின் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசுகிறார்கள், ஆனால் வேறு வேறு நாற்காலியிலிருந்து. இதை எழுதினால் அலசல் ஆகும் என்று எனக்கு அந்த ஓரக் குறிப்புதான் கற்றுக்கொடுத்தது. "நன்று", "இன்னும் முயற்சி தேவை" என்று எழுதித் தந்த கட்டுரைகளில் என்ன எழுதினேன் என்றே இப்போது நினைவில்லை.

அந்தப் படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். அதைப் பார்த்துவிட்டு உருகி எழுதியவர்கள் இருப்பார்கள். அவர்களுக்கு மதிப்பெண் குறைத்தாலும் பரவாயில்லை, தயவுசெய்து "உணர்ச்சிவசப்படாதே" என்று மட்டும் எழுதாதீர்கள். என் பாட்டி வழியில் தாது வருடக் கதைகள் கேட்டு வளர்ந்தவள் நான். அந்தக் கோபத்தில்தான் வரலாறு எடுத்தேன்.


பாலாற்றங்கரை எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. பெயரை மடித்து பின் குத்தி, மூன்று குவியலாகப் பிரித்துவிட்டேன். பீகாரை வேலை செய்ய வைத்தவர்கள் நான் நினைத்ததை விட அதிகம், அதில் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளே பாதி. சென்னை வேறு கல்கத்தா வேறு என்று எழுதியது ஒரே ஒரு பெண், அதுவும் ஒரே வரியில் சொல்லிவிட்டு நிறுத்திவிட்டாள். மார்ச் உயர்வைப் பெரும்பாலோர் தொடவே இல்லை. படத்தைப் பற்றி உருகியவர்களும் இருக்கிறார்கள். பழைய மாணவி சொன்னதை மனதில் வைத்து, "இந்தப் படம் பசியைக் காட்டுகிறது, பசி எங்கிருந்து வந்தது என்று காட்டுகிறதா?" என்று எழுதியிருக்கிறேன்.

சக ஆசிரியரோடும் உட்கார்ந்தேன். மறைத்துப் பார்க்கும் முறையை அவரே செய்து பார்த்தார். முதல் கட்டுரைக்கு 6 வரை இறங்கினார், இரண்டாவதுக்கு 6 வரை ஏறினார். அதற்கு மேல் நகரவில்லை, தகவலைச் சரியாகச் சேர்த்ததற்கும் ஒரு மதிப்பு உண்டு என்கிறார். அதையும் தள்ள முடியவில்லை.

இப்போது என் கவலை அந்த முதல் கட்டுரைப் பெண். ஆறு பக்கம், எழுதி எழுதிக் கை வலித்திருக்கும். எப்போதும் எட்டு, ஒன்பது வாங்குபவள். நான் போட நினைக்கும் 5ஐப் பார்த்தால் உடைந்துபோவாள். அவள் தாளில் என்ன எழுதுவது?


ஓய்வில் ஒரு வாத்தியார் எழுதியது:

மதிப்பெண்ணை இப்போது எழுதாதீர்கள், பென்சிலில் உங்கள் நோட்டில் இருக்கட்டும். தாளில் முதலில் அவள் சரியாகச் செய்ததை எழுதுங்கள்: தகவல் எதுவும் விடுபடவில்லை, எதுவும் திரிக்கப்படவில்லை. அணாவையும் விடாமல் எழுதியிருப்பாள் என்று நினைக்கிறேன், இருந்தால் அதைக் குறிப்பிட்டுப் பாராட்டுங்கள். வகுப்பில் பாதிப் பேரிடம் இல்லாத ஒழுக்கம் அது.

பிறகு ஆறு பக்கத்தையும் திருப்பி எழுதச் சொல்லாதீர்கள். ஒரே ஒரு பத்தி. "1877 மார்ச்சில் அளவை உயர்த்தினார்கள் என்று நான்காம் பக்கத்தில் எழுதியிருக்கிறாய். மழைதான் காரணம் என்பவர்களுக்கு இது உதவுமா, இடிக்குமா? உன் முடிவு என்ன? எட்டு வரிக்குள் எழுதி வா." அவ்வளவுதான். எட்டு வரி என்று எல்லை போட்டால்தான் தகவலை அடுக்க இடமிருக்காது, ஏதாவது ஒரு பக்கம் சாய்ந்தாக வேண்டும்.

உங்கள் சக ஆசிரியரை அந்தப் பத்தியைத் திருத்தச் சொல்லுங்கள். அவளை எட்டு மதிப்பெண்காரி என்று முதலில் சொன்னது அவர்தான், அவர் கையாலேயே வாங்கட்டும். இன்டர்னல் மதிப்பெண் ஏற்ற இன்னும் நாள் இருக்குமே? இருந்தால் அந்தச் சென்னை, கல்கத்தா வரியை எழுதிய பெண்ணிடமும் அதை ஒரு பத்தியாக விரிக்கச் சொல்லிக் கேளுங்கள்.